அம்மா அமெரிக்காவில் இருக்கிறார்

என்னை வழியனுப்பும் கூட்டம் கம்ப்யூட்டர் திரையில்தான் நடந்தது. பதினெட்டுக் கட்டங்கள், பதினெட்டு முகங்கள். மாலையும் இல்லை, மிக்சரும் இல்லை. எல்லோரும் கை தட்டுவது போல ஒரு மஞ்சள் பொம்மையை அழுத்திவிட்டார்கள். இருபத்து நாலு வருஷ உழைப்புக்குப் பதினெட்டு மஞ்சள் கைகள். பரவாயில்லை, சத்தமில்லாத கைதட்டல்தான் எங்கள் தொழிலுக்குப் பொருத்தம்.

நான் செய்தது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்ப்பார். பார்த்து முடித்ததும், என்ன வியாதி, என்ன மருந்து, எத்தனை வேளை என்று ஒரு கருவியில் பேசி வைப்பார். அந்தப் பேச்சு எங்களுக்கு வரும். கேட்டு, எழுத்தாக அடித்து அனுப்ப வேண்டும். இப்போது அதை மென்பொருளே அடித்துவிடுகிறது. கொஞ்ச நாள் அது அடித்ததை நாங்கள் திருத்தினோம். இப்போது திருத்தவும் ஆள் ஜாஸ்தி என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐம்பத்தோரு வயதில் வீட்டுக்கு அனுப்புவதற்கு 'ஓய்வு' என்று மரியாதையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், வைத்துக்கொள்ளட்டும்.

கூட்டத்தில் ரம்யா என்று ஒரு பெண் இருந்தாள். வேலூரிலிருந்து வேலை செய்பவள், மடியில் இரண்டு வயதுப் பையன். "மேடம், ரெண்டு பசங்கள வெச்சிக்கினு இருபது வருஷத்துக்கு மேல வீட்ல இருந்தே வேலை செஞ்சிருக்கீங்க. எப்படி மேடம் பேலன்ஸ் பண்ணீங்க? டிப்ஸ் சொல்லுங்க" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பையன் லேப்டாப்பை அமுக்கி மூடிவிட்டான். அவள் கட்டம் இருண்டது. கேள்வி கேட்டவளே இல்லாத கூட்டத்தில் பதில் சொல்வானேன் என்று நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவளுக்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

பயிற்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாவரவியல் படித்தவள் நான். திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில் ஆறு மாதம் மனித எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன். பிறகு வேங்கிக்கால் ஆபீசில் இரண்டு வருஷம். மகள் தேன்மொழி பிறந்ததும் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அனுப்பினார்கள். கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், அப்போது பாதி மனைகள் காலியாகக் கிடந்த ஒரு தெருவில் எங்கள் வீடு. கணவர் சேகர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். தேனு பிறந்து மூன்று வருஷத்தில் அகிலன் பிறந்தான்.

தொழிலின் உயிரே ஒரு பெடலில் இருந்தது. தையல் மெஷின் பெடல் போல மேசைக்குக் கீழே இருக்கும். நடுவில் மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார், இடது ஓரத்தில் மிதித்தால் பின்னால் போய் மறுபடி பேசுவார். உலகத்தில் எந்த டாக்டரையும் காலால் நிறுத்திய பெருமை எங்களுக்கு உண்டு. சில டாக்டர்கள் சிப்ஸ் தின்றுகொண்டே பேசுவார்கள், சிலர் கார் ஓட்டிக்கொண்டே. ஒருவர் பாத்ரூமிலிருந்து பேசுவார், அதைத் தண்ணீர் விழும் சத்தம் காட்டிக்கொடுக்கும். எதிர்வீட்டு அம்மா என் கால் ஆடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஜாக்கெட் தைக்கத் துணி கொண்டு வந்தார். நான் நுரையீரல் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மேலதிகாரி பாஸ்கரன் சார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ரிப்போர்ட்டில் தப்பு வந்தால் போன் செய்வார். முதல் கேள்வி, "சாப்ட்டீங்களா?" சாப்பிட்டேன் என்றால், அந்த ஆடியோவைப் போனிலேயே போட்டுக் காட்டுவார். மறுபடி போடுவார். மூன்றாவது முறை போடுவார். பிறகு ஒரு பேச்சும் பேசாமல் காத்திருப்பார். அந்த மௌனத்தில் நமக்கு வேர்த்துவிடும். கடைசியில் ஒரே கேள்விதான் வரும். "இது உங்களுக்குக் கேட்டதா, தோணினதா?"

அதுதான் அவர் எங்களுக்குக் கற்பித்த ஒரே சட்டம். கேட்காத வார்த்தையை ஊகிக்கக் கூடாது. மூன்று முறை கேள். வேகத்தைக் குறைத்துக் கேள். தாண்டிப் போய் முடித்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை கேள். அப்படியும் கேட்காவிட்டால், அந்த இடத்தில் ஒரு நீளக் கோடு போட்டு, எத்தனையாவது நிமிஷம் என்று குறித்து அனுப்பிவிடு. டாக்டர் பார்த்து நிரப்பிக்கொள்வார். "கோடு விட்டா நமக்கு மார்க்தான் போவும். ஊகிச்சா யாரோ ஒருத்தருக்கு மாத்திரை மாறிப்போவும்" என்பார். கோடு விடக் கூச்சப்படுபவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்பது அவர் கட்சி.

இனி பிள்ளைகள். ஹெட்போனை மாட்டினால் எனக்கு இந்தப் பக்கம் இடி விழுந்தாலும் கேட்காது. தேனுவுக்கு மூன்று வயதில் அதைப் புரியவைக்கத் தெரியாமல், "இத மாட்டினா அம்மா அமெரிக்காவுல இருக்கேன், கூப்ட்டா கேக்காது. கழட்டினா வந்துடுவேன்" என்று சொல்லி வைத்தேன். குழந்தை அதை வேதமாக எடுத்துக்கொண்டது. அகிலன் பேசப் பழகியதும் அக்கா அவனுக்கும் ஓதிவிட்டாள். ஒரு ஃபைலுக்கும் அடுத்த ஃபைலுக்கும் நடுவில் ஐந்து நிமிஷம் நான் ஊருக்கு வருவேன். அந்த ஐந்து நிமிஷத்தில் பால், பாத்ரூம், பஞ்சாயத்து எல்லாம் முடிய வேண்டும். அவசரமாக யாராவது பக்கத்தில் வந்து நின்றால் நான் ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டுவேன். 'இரு' என்று அர்த்தம். விரல் இறங்கும்வரை வாய் திறக்கக் கூடாது.

இதனால் வந்த வேடிக்கைகள் கொஞ்சமல்ல. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரிடம் தேனு, "அம்மா அமெரிக்காவுல இருக்காங்க" என்று வாசலிலேயே சொல்ல, அவர் சிலிண்டரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்தேன். நாத்தனார் போன் செய்தபோது அகிலன் எடுத்து, "அம்மா அமெரிக்கா போய்ட்டாங்க. பாத்ரூம் வந்தா வருவாங்க" என்று தகவல் தெரிவித்தான். நாத்தனார் அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டு, "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம அண்ணிய அனுப்பிட்டியே" என்று அழுதிருக்கிறார்.

ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஒன்று சொன்னார்கள். "பிள்ளைங்களா இதுங்க! வீட்ல பசங்க இருக்கற சத்தமே இல்லியே, எப்படிம்மா வளத்த!" அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும். உண்மையைச் சொல்கிறேனே, ஆபீசில் மாதாமாதம் வரும் என் மார்க் ஷீட்டைவிட அந்தப் பேச்சில்தான் எனக்குப் பெருமை ஜாஸ்தி.

தேனுவுக்கு ஆறு வயது, அகிலனுக்கு மூன்று. ஒரு பௌர்ணமி. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் கண்டக்டர் வீட்டில் ஆள் இருக்காது, சிறப்புப் பேருந்துக்குப் போய்விடுவார்கள். வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவதால், வேலூர் ரோட்டில் இறங்கியவர்கள் எல்லோரும் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் மலை சுற்ற நடப்பார்கள். மத்தியானத்திலிருந்தே தலைகளாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு நான்கு மணிக்கு ஓர் அவசர ஃபைல் வந்தது. அவசர ஃபைலுக்கு ஒரு மணி நேரம்தான் கெடு. நோயாளி அங்கே ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பார், அடுத்த டாக்டர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பார். பன்னிரண்டு நிமிஷப் பேச்சு. கதவைச் சாத்தி, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கிண்ணத்தில் பொரியும் கடலையும் கொடுத்து, ஹெட்போனை மாட்டி அமெரிக்கா போனேன்.

பாதியில் அகிலன் வந்து என் தொடையைத் தட்டினான். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலை உயர்த்தினேன். ஓரக்கண்ணில் அவன் வாய் அசைவது தெரிந்தது. என்னவோ சொன்னான். விரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். அவன் சிறிது நேரம் நின்றான், பிறகு இல்லை. நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது நிமிஷத்தில் மேசை மேல் ஒரு நிழல் விழுந்தது. தேனு வந்து நிற்கிறாள் என்று தெரிந்தது. நிற்கட்டும். பதினோராவது நிமிஷத்தில் ஒரு மருந்தின் பெயர் கேட்கவில்லை. சட்டப்படி ஒருமுறை, இரண்டு முறை, மூன்று முறை. காது சுட்டது. தேய்த்துவிட ஹெட்போனைக் கழற்றினேன்.

"வந்துட்டியாம்மா?" என்றாள் தேனு. கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடாக இருந்தது.

"என்னடி?"

"தம்பி வெளிய போய்ட்டான்."

"எப்போ?"

"அப்பவே."

நான் நேரத்தை ஆடியோவில் அளந்து பழகியவள். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை இரண்டு நிமிஷப் பேச்சு. அதை அடிக்க எனக்கு எட்டு நிமிஷம் ஆகும். எட்டு நிமிஷமும் என் பிள்ளை, தம்பி போய்விட்டான் என்ற செய்தியை வாயில் வைத்துக்கொண்டு, நான் அமெரிக்காவிலிருந்து வரட்டும் என்று என் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்.

கதவு திறந்து கிடந்தது. தேனுவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். வேலூர் ரோடு முழுக்க ஜனம். குழந்தையைத் தோளில் வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர், எந்தக் குழந்தையும் என்னுடையது இல்லை. சேகருக்குப் போன் போட்டேன். பௌர்ணமியன்று எங்கள் ஊரில் செல்போன் வெறும் கடிகாரம்தான், லைனே கிடைக்கவில்லை. கூட்டத்தை எதிர்த்தும் கூட்டத்தோடும் ஓடி, கடைசியில் போலீஸ் உதவி மையத்தின் பந்தலைப் பிடித்தேன்.

அங்கிருந்த பெண் போலீஸ் நோட்டை எடுத்தார். "பேரு? வயசு?" சொன்னேன். "இன்னா கலர் சட்ட போட்டிருந்தான்?"

எனக்குத் தெரியவில்லை. முகம் தெரியாத நோயாளி ஒருவர் காலையில் எத்தனை மில்லிகிராம், ராத்திரி எத்தனை மில்லிகிராம் சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளை என்ன சட்டை போட்டிருந்தான் என்று தெரியவில்லை. காலையில் குளிப்பாட்டியது நான், உடை மாட்டியது தேனு.

"ஊதா பனியன். கீழ சேப்பு ட்ரவுசர்" என்றாள் அவள்.

கம்பத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் காணாமல் போனவர்களைப் பற்றி விடாமல் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். ஆரணி ராணியம்மாள், மஞ்சள் பை வைத்திருக்கும் பெரியவர், இப்படி. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்பதுதானே என் தொழில். அகிலன் என்ற பெயருக்காக, ஊதா பனியனுக்காகக் காத்திருந்தேன். நடுவில் ஓர் அறிவிப்பு வந்தது: "அமெரிக்காவிலிருந்து வந்துள்ள பக்தர் ஒருவரின் மூன்று வயது ஆண் குழந்தை, அன்னதானப் பந்தலில் பத்திரமாக உள்ளது." கொஞ்சம் கழித்து மறுபடியும் அதே அறிவிப்பு. மூன்றாவது முறை யாரோ மைக்கை வாங்கி அதையே இங்கிலீஷில் வேறு சொன்னார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து குழந்தையைத் தவறவிட்டிருக்கிறாளே, எப்படிப்பட்ட பொம்பளையோ என்றுகூட ஒரு நொடி எனக்குத் தோன்றியது.

பெண் போலீசிடம் மறுபடி ஒருமுறை அடையாளம் சொல்லி முடித்துத் திரும்பினேன். அப்போதுதான் கவனித்தேன், என் வலது கை விரல் தேனுவின் முகத்துக்கு நேராக உயர்ந்திருந்தது. எப்போது உயர்த்தினேன் என்று தெரியாது. விரலை இறக்கினேன். இறக்கிய பிறகுதான் அவள் பேசினாள்.

"அம்மா, அது நீதாம்மா."

"எதுடி?"

"அமெரிக்கா அம்மா. தம்பிதான் சொல்லியிருப்பான்."

மூன்று முறை. பாஸ்கரன் சார் சட்டப்படி மூன்று முறை கேட்டிருக்கிறேன். கேட்டும் எனக்குப் புரியவில்லை. முதல் தடவையே புரிந்துகொண்ட என் மகள், நான் விரலை இறக்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

அன்னதானப் பந்தலில் அவன் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் தொன்னையில் சாம்பார் சாதம். மூக்கு நுனியிலும் சாம்பார் சாதம். பரிமாறிக்கொண்டிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பழைய நைட்டி, மேலே ஒரு துண்டு, கழுத்தில் நான் பிடுங்கிக்கொண்டு வந்திருந்த ஹெட்போன்.

"நீங்கதான் அமெரிக்காவா?"

"ஆமாங்க."

"பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கறான். அம்மா எங்கடான்னா அமெரிக்கான்றான். அப்பா எங்கடான்னா பஸ்ல கீறாருன்றான். மூணாவது தொன்னம்மா இது, வயிறு கீது பாரு!"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அகிலன் என்னைப் பார்த்துவிட்டு ஆச்சரியமே படவில்லை. "வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டு, ஒரு கவளத்தை என் வாயில் திணித்தான்.

வீட்டுக்கு வந்து லேண்ட்லைனைப் பார்க்கும்போதே அது அடித்தது. பாஸ்கரன் சார். கெடு தாண்டி அரை மணி ஆகியிருந்தது. அதுவரை ஒரு அவசர ஃபைலைக்கூட நான் தவறவிட்டதில்லை.

"சாப்ட்டீங்களா?" என்றார்.

அதற்கு என்ன பதில் சொல்வது. சாம்பார் சாதம் ஒரு கவளம் என்றா? திரும்பவும் அழுதேன். நடந்ததைச் சொன்னேன், சட்டை நிறம் தெரியாமல் போனது உட்பட. அவர் வழக்கம் போல மௌனமாக இருந்தார். அந்த ஒரு தடவைதான் அந்த மௌனத்தில் எனக்கு வேர்க்கவில்லை.

"ஃபைல் போய்டுச்சும்மா. முதல்ல இருந்து நானே அடிச்சு அனுப்பிட்டேன்" என்றார். "பதினோராவது நிமிஷத்துல ஒரு மருந்து பேரு. மூணு தடவ கேட்டேன். எனக்கும் கேக்கல. கோடு போட்டுட்டேன்."

அந்த மாத மார்க் ஷீட்டில் தாமதத்துக்கான மார்க்கை அவர் குறைத்துத்தான் இருந்தார். அதில் தயவு தாட்சண்யம் பார்ப்பவரில்லை. ஆனால் 'தாமதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஒரு நீளக் கோடு போட்டிருந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

மறுநாள் வீட்டில் சட்டம் மாறியது. அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் ஹெட்போன் ஒயரைப் பிடித்து இழுக்கலாம். எந்த ஃபைலாக இருந்தாலும் சரி. அகிலன் அன்றைக்கே பதினாலு தடவை இழுத்தான். எறும்பு போகிறது என்று ஒரு தடவை, எறும்பு போய்விட்டது என்று ஒரு தடவை. என் மார்க் சரிந்தது, ஒயர் மூன்று முறை அறுந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் "பசங்க முன்ன எவ்ளோ அமைதியா இருப்பாங்க" என்று உச்சுக்கொட்டினார்கள்.

தேனு மட்டும் இழுக்கவில்லை. பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். இழுடி, இழுக்கலாம் என்று கெஞ்சுவேன். தலையை ஆட்டுவாள். விரலை மடக்கிக் காட்டுவேன், அப்போதும் மாட்டாள். மூன்று மாதம் ஆனது. ஒருநாள் சட்டென்று ஒயர் இழுபட்டது, அகிலன் என்று நினைத்துத் திரும்பினேன், தேனு. "பென்சில் சீவிக் குடு" என்றாள். சீவிக் கொடுத்துவிட்டு, சமையலறைக்குப் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆகவே ரம்யா, டிப்ஸ் என்று என்னிடம் ஒன்றும் பெரிதாக இல்லை. நான் பேலன்ஸ் செய்யவில்லை, விழுந்தேன். விழுந்த இடத்தில் சாம்பார் சாதம் இருந்ததால் பிழைத்தேன். பையன் லேப்டாப்பை மூடினால் ஐந்து நிமிஷம் மூடியே இருக்கட்டும். மீட்டிங்குக்கு ஒன்றும் ஆகாது, என்னைப் போல யாரையாவது வழியனுப்பிக்கொண்டிருப்பார்கள். அவன் என்ன சட்டை போட்டிருக்கிறான் என்று காலையில் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்.

தேனுவுக்கு இப்போது இருபத்திரண்டு. அகிலன் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். நான் ஹெட்போனைப் பெட்டியில் வைத்து ஒட்டிய அன்று போன் செய்தான். "இன்னாம்மா, அமெரிக்காவுல இருந்து மொத்தமா வந்துட்டியா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பதினாறு வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு வெளிய போறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து ஏதோ சொன்னியே. என்னடா சொன்ன?"

"எனக்கு எப்படிம்மா ஞாபகம் இருக்கும்? மூணு வயசு."

பக்கத்தில் இருந்த தேனு, "அப்பாவப் பாக்கப் போறேன்னு சொல்லியிருப்பான்" என்றாள்.

"கேட்டதா, தோணினதா?" என்றேன்.

அவள் யோசித்தாள். "தோணினதுதாம்மா" என்றாள்.

அப்படியானால் எழுதக் கூடாது. பௌர்ணமி, மாலை நாலு மணிக்கு மேல், ஃபைலின் பாதியில், என் மகன் என் தொடையைத் தட்டிச் சொன்னது: ____________.